ராத்திரிச் சாப்பாட்டில் போனும் டிவியும் வேண்டாம்: சொல்லியாச்சு, நிலைக்க வைப்பது எப்படி?

அந்திமந்தாரை (கேள்வி)

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மட்டுமாவது போனும் டிவியும் இல்லாமல் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும். வீட்டில் ஆறு பேர்: நாங்கள் இருவர், 75 தாண்டிய மாமனார், 14, 9, 3 வயதில் மூன்று பிள்ளைகள். "இனிமேல் சாப்பிடும்போது யாரும் போனைத் தொடக் கூடாது" என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் நிலைக்க மாட்டேன் என்கிறது. ஓட்டை விழும் இடங்கள் இவை:

கணவருக்கு வேலையிடத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் அழைப்பு வரலாம், அதனால் அவர் போன் பக்கத்திலேயே இருக்கும். அவர் போன் இருந்தால் பெரியவளும் தன்னுடையதை எடுத்து வைத்துக்கொள்கிறாள். மாமனாருக்கு 8 மணிச் செய்தி. சாப்பாடும் அதே நேரத்துக்குத்தான். சின்னவனுக்கு வீடியோ ஓடினால்தான் வாய் திறக்கும். இதையெல்லாம் மீறி ஒருநாள் உட்கார்ந்தால் ஏழெட்டு நிமிடத்தில் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள், பேச்சு என்பதே இல்லை.

குடும்ப நேரம் எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டாம், அது தெரிந்துதான் கேட்கிறேன். எதை முதலில் மாற்றுவது, எப்படி என்று சொல்லுங்கள்.


திருப்புளி

போனைப் பத்தி மட்டும் நான் சொல்றேன், மத்ததை மத்தவங்க சொல்லட்டும்.

மேசையில கவிழ்த்து வைக்கிறதும் சைலன்ட்ல போட்டு சட்டைப்பையில வைக்கிறதும் வேலைக்கு ஆகாது. கவிழ்த்து வெச்ச போன் அதிர்ந்தா பலகை முழுக்க உறுமும், எல்லார் கண்ணும் அங்க போகும். பையில இருந்தா, அதிராதப்பவும் அதிர்ந்த மாதிரி கை போகும். 2017ல ஆஸ்டினில் இருக்கிற டெக்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போனை மேசை மேல, பையில, வேற அறையில வெச்சு மூணு விதமா ஆட்களைச் சோதிச்சாங்க. வேற அறையில வெச்சவங்களுக்குத்தான் கவனத் தேர்வுகள் நல்லா வந்தது. அதுக்கப்புறம் செஞ்சு பார்த்த சிலருக்கு அவ்வளவு தெளிவா வரலை, அதையும் சொல்லிடணும். ஆனா வீட்டுக்குள்ள விஷயம் இன்னும் எளிது. எழுந்து பத்தடி நடக்கணும்னா பாதிப் பேர் போகவே மாட்டாங்க.

அதனால முதல் வேலை, போனுக்கு ஓர் இடம். உட்கார்ற இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியக் கூடாது, மணி அடிச்சா காதுக்குக் கேட்கணும். அடுத்த அறை அலமாரித் தட்டு போதும். அங்க நாலைந்து போர்ட் உள்ள ஒரே சார்ஜர், உங்க வீட்டுப் போன்களுக்கு ஏத்த முனையோட ஆளுக்கு ஒரு கேபிள். கேபிள் அங்கேயே நிரந்தரமா இருக்கணும், யாரும் கழட்டிட்டுப் போகக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்கு எல்லார் போனும் பேட்டரி இறங்கித்தான் இருக்கும். "சார்ஜ் போடு"ன்னா போன் தானா அங்க போகும், "கொடுத்துட்டு வா"ன்னா சண்டை.

பலர் வாங்கற மூடி போட்ட பெட்டி, பூட்டு டப்பா இதெல்லாம் வேண்டாம். சார்ஜ் ஆகும்போது போன் சூடாகும். நாலு போனை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி மூடி வெச்சா சூடு வெளியேற வழியில்லை. சார்ஜிங் வேகம் குறையும், பேட்டரிக்கும் கெடுதல். தட்டு நிறுத்தி வைக்கிற கம்பி ஸ்டாண்ட் இருந்தா அதிலேயே நிறுத்தி வைங்க, காத்து போகும்.

இனி வேலை அழைப்பு. "அவசரம்னா?"ங்கற கேள்விக்கு விடை இல்லாததாலதான் போன் பக்கத்துல இருக்கு. விடை ரெண்டு போன்லயும் ஏற்கனவே இருக்கு. ஆண்ட்ராய்டுல டு நாட் டிஸ்டர்ப் (அழைப்பு, அறிவிப்புச் சத்தத்தை அடக்கி வைக்கிறது) அமைப்புக்குள்ள போய் தினமும் சாப்பாட்டு நேரத்துக்குத் தானா இயங்கற மாதிரி அட்டவணை போடுங்க. அழைப்புகள் பகுதியில நட்சத்திரம் போட்ட தொடர்புகளை மட்டும் அனுமதிங்க, வேலையிடத்து எண் ஒண்ணோ ரெண்டோ நட்சத்திரத்துல இருக்கட்டும். கூடவே ரிபீட் காலர்ஸ்னு ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டா ஒரே ஆள் 15 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா மணி அடிக்கும். ஐபோன்ல ஃபோகஸ்ங்கற இடத்துல இதே ஏற்பாடு. அங்க இடைவெளி 3 நிமிஷம். இந்த ஏற்பாட்டை வேலையிடத்துல, உறவுல சொல்லி வைங்க: "எட்டுலேர்ந்து எட்டரை எடுக்க மாட்டேன், அவசரம்னா உடனே இன்னொரு தடவை அடி." வாட்ஸாப் அழைப்பை நம்ப வேண்டாம், சாதாரண அழைப்பா அடிக்கச் சொல்லுங்க.

மறந்துபோற மூணு சமாச்சாரம். ஒண்ணு, கைக்கடிகாரம். போனை அடுத்த அறையில வெச்சாலும் ப்ளூடூத் எட்டும் தூரம்தான், செய்தி எல்லாம் மணிக்கட்டுல வந்து தட்டும். ஸ்மார்ட் வாட்சும் சார்ஜருக்குப் போகணும். ரெண்டு, சமையலறை டைமர். அடுப்புல ஏதாவது இருக்கு, போன்ல டைமர் வெச்சிருக்கேன்னு ஒருத்தர் எடுத்துட்டு வருவாங்க. அதோட எல்லாம் முடிஞ்சது. திருகுற டைமர் ஒண்ணு வாங்கிடுங்க. மூணு, "அது எந்த வருஷம்னு பாரு"ங்கற தேடல். பக்கத்துல ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும், தெரியாததை எழுதி வெச்சுச் சாப்பிட்டப்புறம் பாருங்க. பார்க்க மறந்தாலும் நஷ்டமில்லை, அதுவரைக்கும் வாக்குவாதம் நல்லா ஓடும்.

விதியை மீறினவங்க பாத்திரம் கழுவணும்னு ஒரு விளையாட்டா வெச்சா பிள்ளைங்க உற்சாகமா இருப்பாங்க.


சின்னக்கிண்ணம்

மூன்று வயதுக் குழந்தையைப் பற்றி. இதைத் தனி வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் விதியோடு ஒரே நாளில் தொடங்காதீர்கள். வேடிக்கை என்னவென்றால், சின்னவனுக்கு வீடியோ ஓடும்வரை மற்ற ஐந்து பேர் போனை வைத்தும் பயனில்லை. அந்தத் திரையை எல்லோரும்தான் பார்ப்பார்கள். ஆகவே முதலில் தொடங்க வேண்டியது இவனிடம். நேரமும் இதற்குத்தான் அதிகம் பிடிக்கும்.

வீடியோ பார்த்துக்கொண்டு சாப்பிடும் குழந்தை உணவைப் பார்ப்பதில்லை. வாய் தானாகத் திறக்கிறது, யாரோ ஊட்டுகிறார்கள். பசி எப்போது அடங்கியது என்று அவனுக்கே தெரியாது. வாயில் இருப்பதை மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே திரையைப் பார்ப்பான்; சிரிப்புக் காட்சி வந்தால் அப்படியே மூச்சை இழுப்பான். புரை ஏறுவதும் தொண்டையில் அடைப்பதும் இப்படித்தான்.

திரையை ஒரே நாளில் பிடுங்கினால் பெரும்பாலும் என்ன ஆகும்: குழந்தை மூன்று வேளை சரியாகச் சாப்பிடாது, நான்காம் வேளை பெரியவர்கள் பயந்து போனைக் கொடுப்பார்கள். "போதுமான நேரம் அழுதால் கிடைக்கும்" என்பதை அவன் கற்றுக்கொள்வான். எனவே படிப்படியாக.

திரையைத் தொடுவதற்கு முன் இடைவேளையைச் சரி செய்யுங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே இரண்டரை முதல் மூன்று மணி நேரம், அந்த நேரத்தில் தண்ணீர் மட்டும். ஐந்து மணிக்குப் பாலும் ஆறரைக்கு பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு எட்டு மணிக்குப் பசியில்லை என்றால் அது திரையின் குற்றம் இல்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு எட்டு மணி என்பதே பிந்திய நேரம். தூக்கக் கலக்கத்தில் எந்தக் குழந்தையும் ஒழுங்காகச் சாப்பிடாது. முடிந்தால் எல்லோர் சாப்பாட்டையும் ஏழரைக்குக் கொண்டு வாருங்கள். முடியாவிட்டால் அவனுக்கு ஆறரைக்கே பாதி கொடுத்துவிட்டு, மீதிப் பாதிக்கு எல்லோரோடும் உட்கார வையுங்கள்.

பிறகு உட்காரும் விதம். கால் தொங்கினால் குழந்தை பத்து நிமிடம்கூட நிலையாக இருக்காது. பாதம் எதன்மேலாவது பதிந்திருக்க வேண்டும்: நாற்காலிக்குக் கீழே ஒரு முக்காலி, அல்லது துணி சுற்றிக் கட்டிய அட்டைப்பெட்டி. மேசை விளிம்பு அவன் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வரட்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் "உட்காரவே மாட்டேன் என்கிறான்" என்ற புகாரில் பல இங்கேயே தீர்ந்துவிடும்.

அதன் பிறகு திரை. நான்கைந்து நாளுக்கு வீடியோ ஓடட்டும், ஆனால் கையில் இல்லாமல் எட்டாத தூரத்தில், முன்பைவிடச் சத்தம் குறைவாக. அடுத்த நான்கைந்து நாள் சாப்பாட்டின் முதல் ஐந்து நிமிடம் வீடியோ இல்லை, பிறகு வரும். பசி அதிகம் இருப்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான், எனவே அவனாக எடுத்துச் சாப்பிடப் பழகுவதும் அப்போதுதான். அந்த ஐந்தை எட்டு, பத்து என்று நீட்டுங்கள். அதன்பின் படத்தை எடுத்துவிட்டுப் பாட்டின் ஒலி மட்டும். கடைசியில் அதுவும் இல்லை. மொத்தம் மூன்று நான்கு வாரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் காய்ச்சல் வந்தால் இரண்டு படி பின்னால் போகும், அது இயல்பு.

உணவைத் துண்டு துண்டாக, அவன் விரலால் எடுக்கும் அளவில் வையுங்கள். எல்லோரும் சாப்பிடுவதில் குறைந்தது ஒன்று அவன் ஏற்கனவே சாப்பிடும் பொருளாக இருக்கட்டும். ஊட்டிக்கொண்டே இருந்தால் திரை போனாலும் வேறு வேடிக்கை கேட்பான். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த பொறுப்புப் பிரிவு இங்கே நன்றாகப் பொருந்தும்: என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் முடிவு செய்ய வேண்டும், சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. "இன்னும் இரண்டே வாய்" என்ற பேரம் இதில் கிடையாது. 20 நிமிடம், அதிகம் போனால் 30. தட்டை எடுத்துவிடுங்கள், முகத்தைச் சுளிக்காமல்.

முதல் சில நாள் குறைவாகத்தான் சாப்பிடுவான், அடுத்த வேளையில் ஈடு செய்வான். ஆனால் எடை இறங்கினால், சிறுநீர் போவது குறைந்தால், ஒவ்வொரு வாய்க்கும் குமட்டினால், விழுங்கும்போது இருமினால், அல்லது அவன் சாப்பிடுவதே விரல்விட்டு எண்ணும்படி நாலைந்து பொருள்தான் என்றால் இந்த முறையை நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சில குழந்தைகளுக்கு உணவின் தொடுகையும் மணமுமே தாங்காது. அவர்கள் அந்தத் திரையின் துணையால்தான் உட்கார்ந்திருப்பார்கள், அதைத் திடீரென்று எடுப்பது ஆபத்து.


காதோரம்

மாமனாரைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

செய்தியை நடுவில் அணைக்காதீர்கள். எட்டு மணிச் செய்தி எட்டரைக்கு முடியும் என்றால் சாப்பாடு ஏழரைக்கு அல்லது எட்டு முப்பத்தைந்துக்கு. சின்னக்கிண்ணம் சொன்ன காரணத்தால் ஏழரைதான் சரி. பெரியவர்களுக்கு எரிச்சல் தருவது பாதியில் அணைக்கப்படுவதுதான், நேரத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அதையும் அவரிடமே கேட்டு அவர் வாயால் நேரத்தைச் சொல்ல வைத்தால், பிறகு மற்றவர்களை உட்காரச் சொல்லிக் கூப்பிடுவதும் அவராகத்தான் இருப்பார்.

டிவியை ரிமோட்டில் அணைப்பது போதாது, சுவர் சுவிட்சை அணையுங்கள். செட்டாப் பாக்ஸ் மறுபடி எழுந்து வர ஒரு நிமிடமாவது எடுக்கும். "ஸ்கோர் மட்டும் பார்க்கிறேன்" என்று எழுபவருக்கு அந்த ஒரு நிமிடம் பெரிய தடை. "சத்தம் இல்லாமல் ஓடட்டும்" என்ற சமரசமும் வேண்டாம். அசையும் படம் கண்ணின் ஓரத்தில் இருந்தால் தலை திரும்பாமல் இருக்காது. பெரியவர்களுக்கான நிகழ்ச்சி பின்னணியில் ஓடினால் பெற்றோர் குழந்தையோடு பேசுவது அளவிலும் தரத்திலும் குறைகிறது என்று 2009இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று காட்டியது. யாரும் உட்கார்ந்து பார்க்காத டிவிக்கே அந்த விளைவு. முக்கியமான ஆட்டம் இருக்கும் நாளை முன்கூட்டியே விதிவிலக்காக அறிவித்துவிடுங்கள். நாள் தள்ளிப்போனால் பரவாயில்லை. பாதித் தட்டில் விதியை மாற்றுவதுதான் கெடுக்கும்.

இப்போது முக்கியமானது. வயதானவர் டிவியை விரும்புவதற்குச் செய்திதான் காரணம் என்று நினைக்கிறோம். பல வீடுகளில் உண்மைக் காரணம், மேசைப் பேச்சு அவருக்குக் கேட்பதில்லை. வயதில் முதலில் போவது உயர் சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். பிள்ளைகளின் கீச்சுக்குரல், ச, ஸ, ஃப போன்ற ஒலிகள், மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவது, பாத்திரச் சத்தம் எல்லாம் கலந்தால் அவருக்கு இரைச்சல்தான் மிச்சம். டிவி என்றால் ஒருவர் மட்டும் பேசுவார், சத்தத்தையும் கூட்டிக்கொள்ளலாம். அதை எடுத்துவிட்டு வேறு எதுவும் செய்யாமல் விட்டால் அவர் கூட்டத்துக்கு நடுவில் தனியாக இருப்பார்.

செய்யக்கூடியது: அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் வரும்படி உட்கார வையுங்கள், பின்னாலிருந்து வரும் சத்தம் குறையும். எந்தக் காது நன்றாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் ஒன்பது வயதுப் பிள்ளை. விளக்கு பேசுபவர்களின் முகத்தில் விழ வேண்டும். அவர் பாதி கேட்பது உதட்டைப் பார்த்துத்தான், ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி யாரும் உட்காராதீர்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றிருக்க வேண்டும். மேசைமேல் துணி விரித்தால் தட்டு கரண்டிச் சத்தம் பாதியாகும். கத்த வேண்டாம், கத்தினால் சொல் சிதையும். அவர் பெயரையோ உறவையோ முதலில் சொல்லிக் கவனத்தைத் திருப்பிவிட்டு, நிதானமாகப் பேசுங்கள். காதுக்கருவி இருந்தால் பேட்டரி பார்ப்பது ஒன்பது வயதுக்காரரின் வேலை.


மூன்றாம்பந்தி

மேலே சொன்ன ஒண்ணோட முரண்படறேன், பொதுவா எல்லாரும் சொல்ற ஒண்ணோடயும்.

பாத்திரம் கழுவும் தண்டனை வேண்டாம். 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இஸ்ரேல்ல 10 குழந்தைக் காப்பகங்கள்ல நடந்தது. பிள்ளையைக் கூட்டிட்டுப் போகத் தாமதமா வர்ற பெற்றோருக்குச் சில காப்பகங்கள்ல அபராதம் போட்டாங்க. தாமதம் குறையலை, கூடிடுச்சு. அபராதத்தை எடுத்தப்புறமும் பழைய நிலைக்கு வரலை. முன்னாடி "காத்திருக்க வைக்கிறோமே"ங்கற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் அது ஒரு கட்டணமா மாறிடுச்சு. 14 வயசுப் பொண்ணு ரெண்டே நாள்ல கணக்குப் போட்டுடும்: பாத்திரம் கழுவினா போன் பார்க்கலாம். மீறினா செய்ய வேண்டியது ஒண்ணுதான். "போன் அங்க"ன்னு ஒரு சொல், பிரசங்கம் இல்லாம. அப்பா மீறினாலும் அதே சொல், அதைச் சொல்ற உரிமை ஒன்பது வயசுக்கும் உண்டு. பெரியவங்க போன் முதல்ல சார்ஜருக்குப் போகணும், பிள்ளைங்க பார்க்கும்படி.

அடுத்தது, எதிர்பார்ப்பு. சேர்ந்து சாப்பிட்டா மதிப்பெண் ஏறும், பிள்ளை கெட்டுப் போகாதுன்னு சொல்றதுல பாதி, சேர்ந்து சாப்பிட நேரமும் வசதியும் உள்ள குடும்பங்களைப் பார்த்துச் சொன்னது. 2012ல அமெரிக்காவுல 21,000க்கும் மேல பிள்ளைகளைப் பல வருஷம் தொடர்ந்த தரவை வெச்சு ஆராய்ஞ்சவங்களுக்கு, குடும்ப நிலைமையைக் கணக்குல எடுத்தப்புறம் படிப்போட பெருசா தொடர்பு எதுவும் தெரியலை. சாப்பாட்டு விஷயத்துல சான்று கொஞ்சம் வலு. 2011ல 17 ஆய்வுகளைத் தொகுத்தப்போ வாரம் மூணோ அதுக்கு மேலயோ சேர்ந்து சாப்பிடற பிள்ளைங்க நல்ல உணவு எடுத்துக்கிறது கூடுதலா இருந்தது. அதுவும் தொடர்புதான், காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எனக்கு அந்த மூணுங்கற எண் பிடிச்சிருக்கு. ஏழு நாளும்னு ஆரம்பிச்சா புதன்கிழமையே உடைஞ்சிடும். மூணு நாள் குறிச்சு வைங்க, மத்த நாள் எப்படியோ போகட்டும்.

இப்ப ஏழெட்டு நிமிஷத்துல எழுந்திருக்கிற விஷயம். இது பேச்சுப் பஞ்சத்தால மட்டும் இல்லை, பரிமாறும் முறையாலயும்தான். சமைச்சவங்க நின்னு பரிமாறிட்டுக் கடைசியா உட்கார்ந்தா அவங்க முதல் வாய் வைக்கும்போது மத்தவங்க கை கழுவிடுவாங்க. கை காலியா இருக்கிறவங்க போனைத் தேடுவாங்க. எல்லாப் பாத்திரமும், தண்ணீர் ஜாடி, உப்பு, ஒவ்வொண்ணுக்கும் தனிக் கரண்டி, கை துடைக்கத் துணி, சிந்தினா துடைக்க இன்னொண்ணு, இவ்வளவும் மேசைக்கு வந்தப்புறம்தான் யாரும் உட்காரணும். எடுத்துப் போட்டுக்கறது அவங்கவங்க கை. நடுவுல ஏதாவது வேணும்னா எழுந்திருக்கிறது ஒரே ஆள், அது இன்னிக்கு யாருன்னு முன்னாடியே முடிவு. சூடா போடணும்னு ஒண்ணொண்ணா செஞ்சு கொண்டு வர்ற பண்டத்தை இந்த மூணு நாள்ல தவிர்த்துடுங்க, வேற வழியே இல்லை.

இன்னொரு தந்திரம், பழமும் பச்சைக் காயும் ஒரு வாய் அளவுக்கு நறுக்கி நடுவுல வைக்கிறது. பெர்லின்ல 50 பெற்றோர் பிள்ளை ஜோடிகளை வெச்சு ஒரு சோதனை நடந்தது, முடிவு 2023ல வெளியாச்சு. வழக்கமா அவங்க சாப்பாடு 20 நிமிஷம் சொச்சம். இன்னொரு நாள் 10 நிமிஷம் கூட்டி உட்கார வெச்சாங்க. 6லேர்ந்து 11 வயசுப் பிள்ளைங்க பழமும் காயும் சுமார் 100 கிராம் கூடுதலா எடுத்தாங்க, மத்தது கூடலை. துண்டு துண்டா கைக்கு எட்டற மாதிரி இருந்ததும் ஒரு காரணம்னு ஆய்வாளர்கள் சொன்னாங்க. உங்களுக்கு இதுல ரெட்டை லாபம்: தட்டு முடிஞ்சவங்களுக்கும் கைக்கு வேலை இருக்கும், எழுந்திருக்க மாட்டாங்க.

முடிவு நேரமும் சொல்லிடுங்க. 25 நிமிஷம், அப்புறம் யார் வேணா போகலாம், போனையும் எடுக்கலாம். எப்ப முடியும்னு தெரியாத உட்காரலைத்தான் பதினாலு வயசு வெறுக்கும்.


அந்திமந்தாரை

எல்லோருக்கும் நன்றி. ஏழரை மணி, வாரம் மூன்று நாள், சார்ஜர் அலமாரி என்று முடிவு செய்துவிட்டோம். சின்னவனுக்கு இடைவேளையிலிருந்து தொடங்குகிறோம்.

இன்னும் மூன்று சந்தேகம். பெரியவளிடம் "இன்றைக்கு எப்படிப் போச்சு" என்றால் "ம்ம்" என்கிறாள், அதற்கு மேல் நகரவில்லை. கணவருக்கு வாரம் விட்டு வாரம் இரவு ஷிஃப்ட், அந்த வாரம் என்ன செய்வது? மாமனாருக்குச் சர்க்கரை அளக்கும் சென்சார் கையில் ஒட்டியிருக்கிறது, அதன் அலாரம் போனில்தான் வருகிறது.


சின்னக்கிண்ணம்

"எப்படிப் போச்சு" என்பது ஒரு நாள் முழுவதையும் சுருக்கச் சொல்லும் கேள்வி. களைத்தவர்களுக்கு அது பரீட்சைதான். குறுகலாகக் கேளுங்கள்: "இன்னிக்கு உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தா", "மதியம் என்ன மிச்சம் வெச்சே". அதைவிட நல்லது, கேட்காமல் நீங்கள் முதலில் சொல்வது. உங்கள் நாளில் குழப்பமான ஒன்றைச் சொல்லி "நீ என்ன செஞ்சிருப்பே" என்று விடுங்கள். பதினாலு வயதுக்குத் தீர்ப்புச் சொல்லப் பிடிக்கும், அறிக்கை கொடுக்கப் பிடிக்காது. கேட்டுவிட்டு ஐந்து விநாடி பொறுங்கள், அந்த இடைவெளியை நீங்களே நிரப்பாதீர்கள். ஒரு வரி பதில் வந்தால் அதே வரியிலிருந்து அடுத்த கேள்வி. வேறு தலைப்புக்குத் தாவினால் விசாரணை ஆகிவிடும். நேர் எதிரே உட்கார வைக்காமல் மூலையை ஒட்டிப் பக்கத்தில் வையுங்கள், கண்ணைப் பார்த்தே தீர வேண்டிய கட்டாயம் இருக்காது.

மதிப்பெண், வீட்டுப்பாடம், அறை சுத்தம், போன் நேரம் நான்கும் மேசையில் கூடாது. இவற்றில் ஒன்று வந்தால் அடுத்த முறை அவள் ஏழு நிமிடத்தில் எழுவாள், நியாயமாகவே.

மாமனார் இருப்பது உங்களுக்குப் பெரிய வரம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 20 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள்: பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், உனக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது, இப்படி. குடும்பக் கதை நிறையத் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பு கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், தானாகக் காதில் விழ வேண்டியவை அவை. ஒன்பது வயதிடம் ஒரு கேள்வியைக் காதில் ஓதி, தாத்தாவிடம் கேட்கச் சொல்லுங்கள். பெரியவள் கேட்காதது போல இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்பாள். தாத்தா அதே கதையை மூன்றாம் முறை சொன்னால் திருத்துவது பிள்ளைகளின் வேலை, அதிலேயே பேச்சு பிறக்கும்.

பேச்சே இல்லாத நாளும் வரும். விட்டுவிடுங்கள்.


திருப்புளி

அபராத ஆய்வு நல்ல வாதம், பாத்திரம் கழுவறதை வாபஸ் வாங்கிக்கறேன்.

ஷிஃப்ட் வாரத்துக்கு: ராத்திரின்னு சட்டம் எதுவும் இல்லை. அவர் வேலை முடிஞ்சு வர்ற நேரமும் பிள்ளைங்க கிளம்பற நேரமும் ஒட்டி வந்தா காலைச் சாப்பாடு 15 நிமிஷம், அதே அலமாரி, அதே விதி. இல்லேன்னா அந்த வாரம் விடுமுறை நாள் மதியம் ஒண்ணும், அவர் கிளம்பறதுக்கு முன்னாடி சாயங்காலம் ஒண்ணுமா கணக்கு வைங்க. வெளியிலேர்ந்து வீடியோ கால்ல சேர்ந்துக்கறதை வழக்கமாக்க வேண்டாம். போன் மேசைக்கு வந்துட்டா கால் முடிஞ்சப்புறம் யாரும் எடுத்து வைக்க மாட்டாங்க. சாப்பிட்டு முடிச்சுத் தனியா கூப்பிட்டுப் பேசுங்க.

சென்சார் விஷயம் கவனமா செய்யணும். அந்தப் போன் விதியிலேர்ந்து முழுசா விலக்கு. சென்சார் போனோட ப்ளூடூத்துலதான் பேசுது, மாடலைப் பொறுத்து திறந்தவெளியில சுமார் 6 முதல் 10 மீட்டர். நடுவுல சுவர் வந்தா குறையும், உடம்பே குறுக்க இருந்தாலும் குறையும். அடுத்த அறைக்குப் போனா தொடர்பு அறுந்து, தாழ்சர்க்கரை அலாரம் வராமலே போகலாம். அதனால அது சாப்பிடற அறையிலேயே, மேசைக்கு வெளியே ஓர் அலமாரி மேல, திரை சுவரைப் பார்த்து இருக்கட்டும். டு நாட் டிஸ்டர்ப் போடறதுக்கு முன்னாடி அந்தச் செயலிக்குள்ள போய் அவசர அலாரம் அதைத் தாண்டி ஒலிக்கிற அனுமதி இருக்கான்னு பாருங்க. ஐபோன்ல கிரிட்டிகல் அலர்ட்ஸ்ங்கற பேர்ல இருக்கும், ஆண்ட்ராய்டுல டு நாட் டிஸ்டர்ப்பை மீறும் அனுமதி கேட்கும். சந்தேகமா இருந்தா அந்தப் போனுக்கு மட்டும் டு நாட் டிஸ்டர்ப்பே வேண்டாம்; மத்த செயலிகளோட அறிவிப்பை ஒவ்வொண்ணா அணைச்சுடுங்க. போன் ஒலி அளவையும் பாருங்க. காதோரம் சொன்ன மாதிரி உயர் சுருதி அவருக்குக் கேட்காதுன்னா, அலாரத்துக்குத் தாழ்ந்த சுருதி ஒலியைத் தேர்ந்தெடுக்க முடியுதான்னு செயலிக்குள்ள தேடுங்க. முடியலைன்னா அந்த அலமாரிக்குப் பக்கத்து நாற்காலி உங்களோடது.